ஆக்ரா கரடிகள் மீட்பு மையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரடி வித்தை பார்த்து வளர்ந்தவன் நான். வருஷத்துக்கு ஒருமுறை கரடிக்காரர் எங்கள் தெருவுக்கு வருவார். கரடி முதுகில் உட்கார வைத்தால் பிள்ளைக்குப் பயம் தெளியும் என்று என்னையும் தூக்கி உட்கார வைத்தார்கள். பல வருஷம் கழித்து ஆக்ராவில் மீட்கப்பட்ட கரடிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளிலும், உறவுக்காரர் வீடுகளிலும், கேட்கிற யாரிடமும் அதைப் பற்றிப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலை வைத்திருக்கிறேன்.

இந்த இடம் எங்கே இருக்கு? யார் நடத்துறாங்க?

ஆக்ராவிலிருந்து டெல்லி போகும் நெடுஞ்சாலையில், கீதம் ஏரியை ஒட்டிய சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள் இருக்கிறது. உத்தரப் பிரதேச வனத்துறையோடு சேர்ந்து வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் என்ற தொண்டு நிறுவனம் நடத்துகிறது. கார்த்திக் சத்யநாராயணன், கீதா சேஷமணி இருவரும் 1995-இல் தொடங்கிய நிறுவனம் அது. மையம் 1999-இல் அமைந்தது. முதல் கரடிகள் 2002 டிசம்பரில் வந்து சேர்ந்தன.

இதே போல இன்னும் மூன்று மையங்கள் உண்டு: போபாலில் வன் விஹார், மேற்கு வங்கத்தில் புருலியா, பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னேர்கட்டா. ஓசூர்க்காரர்களான எங்களுக்குப் பன்னேர்கட்டா கிட்டத்தட்ட பக்கத்து ஊர்தான். நான்கும் சேர்ந்து 600-க்கும் மேற்பட்ட ஆட்டக் கரடிகளை ஏற்றிருக்கின்றன.

என்ன கரடி அது? பாண்டா, பனிக்கரடி எல்லாம் இருக்குமா?

இல்லை. எல்லாமே நம்ம ஊர்க் கரடி. முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு காடுகளில் இருக்கும் அதே கறுப்புச் சடைக் கரடிதான். தேன்கரடி என்று எழுதுவார்கள். சங்கப் பாட்டுகளில் இதற்கு எண்கு என்று பெயர். இரவில் புற்றைக் கிளறிக் கறையான் தின்பதையும், இலுப்பைப் பூவைத் தேடிப் போவதையும் அந்தப் புலவர்கள் நேரில் பார்த்தவர்கள் போலச் சொல்லியிருக்கிறார்கள்.

கறையானுக்கென்றே படைத்த மாதிரி இருக்கும் அதன் உடம்பு. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் இயற்கையிலேயே கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் புற்றுக்குள்ளிருந்து கறையானை உறிஞ்சும். மண் போகாமல் இருக்க நாசித் துவாரங்களை மூடிக்கொள்ளும். நீண்டு வளைந்த நகங்களைப் பார்த்து ஏமாந்த ஐரோப்பிய அறிஞர் ஒருவர், 1791-இல் இதைத் தென்னமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் ஸ்லாத் என்ற விலங்கின் இனம் என்றே எழுதிவைத்தார்.

கரடிக்கு ஆட்டம் பிடிக்கும்னுதானே சொல்வாங்க? உடுக்கைச் சத்தம் கேட்டா தானா ஆடுமே?

நானும் அப்படித்தான் நம்பினேன். அது ஆட்டம் இல்லை, வலி.

காட்டில் தாய்க்கரடி குகைக்குள் ஒன்று அல்லது இரண்டு குட்டிகள் போடும். அவை தாயின் முதுகுச் சடையைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்து, இரண்டு வருஷத்துக்கு மேல் கூடவே இருக்கும். அந்தக் குட்டியைத் திருட வேண்டுமென்றால் தாயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால் பெரும்பாலும் தாயைக் கொன்றுவிடுவார்கள். சில மாதக் குட்டியாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய கம்பியால் முகத்தைத் துளைத்துக் கயிறு கோத்துவிடுவார்கள். மயக்க மருந்து எதுவும் கிடையாது. கோரைப் பற்களைத் தட்டி எடுத்துவிடுவார்கள், நகத்தை வெட்டிவிடுவார்கள். அப்புறம் உடுக்கையை அடித்துக்கொண்டே கயிற்றைச் சுண்டினால், வலியிலிருந்து தப்பிக்கக் குட்டி பின்னங்காலில் எழுந்து நிற்கும், மாறி மாறிக் காலை வைக்கும். கொஞ்ச நாளில் உடுக்கைச் சத்தம் கேட்டாலே எழுந்துவிடும், ஏனென்றால் அடுத்து வலி வரும் என்று அதற்குத் தெரியும். தெருவில் நாம் கைதட்டிப் பார்த்தது இதைத்தான்.

மாட்டுக்கும் மூக்கணாங்கயிறு போடுறோமே, கரடிக்குப் போட்டா மட்டும் என்ன?

இதைக் கேட்டவர் ஒரு விவசாயி, அக்கறையோடுதான் கேட்டார். மாட்டுக்கு இரண்டு நாசிக்கும் நடுவில் உள்ள மெல்லிய தடுப்பில் துளை விழுகிறது. ஆறிய பிறகு கயிறு அதில் தொங்குகிறது. மாட்டுக்கு அது சுகம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கரடிக்கு முகத்தின் மேல்புறத்தையே துளைத்து நாசி வழியாகக் கயிற்றை எடுப்பார்கள். அது ஆறவே ஆறாது. இழுக்க இழுக்கக் கிழியும், சீழ் வைக்கும், கிழிந்துபோனால் வேறு இடத்தில் மறுபடி துளைப்பார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கரடிக்குக் கண்பார்வை மட்டம். அதன் உலகமே மோப்பத்தில்தான் இருக்கிறது. அந்த மூக்கிலேயே ஆயுசு முழுக்கப் புண். ஆக்ராவில் நான் பார்த்த பல கரடிகளின் முகத்தில், கயிறு போய்ப் பல வருஷமாகியும் அந்தத் தழும்பு பள்ளமாகத் தெரிந்தது.

கரடி வித்தை 1972-லேயே தடைன்னு சொல்றாங்க. நான் எண்பதுகளில் பார்த்திருக்கேனே?

நானும் பார்த்தேன். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கரடியைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று மத்திய அரசு தனியாக அறிவிக்கை போட்டது. சர்க்கஸ்காரர்கள் எதிர்த்து வழக்குப் போனார்கள்; 2001-இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. சட்டத்தில் குறை எதுவும் இல்லை.

ஆனால் ஒரு வன அதிகாரி கரடியைப் பறிமுதல் செய்தால் அதை எங்கே கொண்டுபோய் விடுவார்? ஆயுசுக்கும் சோறு போட்டு வைத்தியம் பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் இல்லாமல் இருந்தது. கரடிக்காரர் குடும்பத்துக்கும் மறுநாள் அடுப்பெரிய வழி இல்லை. ஒரு கரடியைப் பிடுங்கினால் அவர் இன்னொரு குட்டியைத்தான் தேடிப் போவார். தொண்ணூறுகளின் நடுவில்கூட ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டக் கரடிகள் தெருவில் இருந்தன. இந்த இரண்டு முடிச்சும் அவிழ்ந்த பிறகு ஏழே வருஷத்தில் வேலை முடிந்தது. 2009 டிசம்பரில் ராஜு என்ற கரடி பன்னேர்கட்டா மையத்துக்கு வந்தது. இந்தியத் தெருக்களின் கடைசி ஆட்டக் கரடி என்று அறிவித்தது அதைத்தான்.

அந்தக் கரடிக்காரங்களை ஜெயில்ல போட்டாங்களா? அவங்க பாசமாத்தானே வளர்த்தாங்க?

அவர்கள் கலந்தர் என்னும் நாடோடிச் சமூகத்தார். முகலாயர் அரண்மனைகளில் வித்தை காட்டியவர்களின் வழிவந்தவர்கள். அரண்மனை போன பிறகு தெருவுக்கு வந்தார்கள். படிப்பு இல்லை, நிலம் இல்லை, கையில் ஒரு கயிறும் அதன் முனையில் ஒரு கரடியும்தான் சொத்து. கரடியோடு ஒரே கூடாரத்தில் படுத்து, தங்கள் ரொட்டியிலும் பாலிலும் அதற்குப் பங்கு கொடுத்தவர்கள் அவர்கள். பாசமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பாசத்தால் கரடியின் மூக்குப் புண் ஆறவில்லை, அவ்வளவுதான்.

சட்டப்படி வழக்குப் போட முடியும். ஆனால் நடந்தது பெரும்பாலும் பேச்சுவார்த்தை. கரடியைத் தாங்களாகவே ஒப்படைத்து, இனி இந்தத் தொழிலுக்குத் திரும்ப மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு வேறு தொழில் தொடங்கப் பணமும் பயிற்சியும் கிடைத்தது. ஆட்டோ ரிக்‌ஷா வாங்கியவர்கள் உண்டு, சிறு கடை வைத்தவர்கள் உண்டு. சிலர் மீட்பு மையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். பெண்கள் தையலும் பூவேலைப்பாடும் கற்றுத் தாங்களே சம்பாதிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். இந்தக் கதையில் என்னை மிகவும் தொட்ட பகுதி இதுதான். கரடியை மட்டும் மீட்டிருந்தால் இது தோற்றுப் போயிருக்கும்.

சரி, மீட்டாச்சு. காட்டில் விட வேண்டியதுதானே? இன்னும் ஏன் வேலிக்குள்ள?

எல்லாப் பள்ளியிலும் வரும் கேள்வி. பிள்ளைகள் கோபமாகவே கேட்பார்கள், அந்தக் கோபம் நியாயம்தான்.

மேலே சொன்னதை எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பல் இல்லை, நகம் சரியில்லை, மூக்கில் புண். நிறையக் கரடிகளுக்குக் கண்ணில் புரை, சிலவற்றுக்குப் பார்வையே கிடையாது. மனிதரோடு ஒரே கூடாரத்தில் கிடந்ததால் காசநோய் தொற்றியவையும் உண்டு. அப்படிப்பட்ட கரடியைக் காட்டில் விட்டால் மற்ற விலங்குகளுக்கும் ஆபத்து. இதெல்லாம் போக, எந்தப் புற்றில் கறையான் இருக்கும், எந்த மாதத்தில் எந்தப் பழம் உதிரும், புலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாயோடு நடந்து இரண்டு வருஷத்தில் கற்க வேண்டும். அந்தப் பாடம் தொடங்குவதற்குள் தாயைக் கொன்றாயிற்று. இந்தக் கரடி பசித்தால் மனிதரைத் தேடித்தான் வரும். அப்புறம் அடியோ துப்பாக்கியோதான் அதற்குக் கிடைக்கும்.

அதனால் வேலிக்குள் இருப்பதை விடுதலை என்று நான் சொல்வதில்லை. காட்டு வாழ்க்கை அதற்குப் போன பிறவி மாதிரி போய்விட்டது. மிச்ச நாளாவது வலியில்லாமல் இருக்கட்டும் என்று செய்வதுதான் இது.

அங்கே நாள் முழுக்க என்ன பண்ணும்?

புதிதாக வந்த கரடியை நோய்ப் பரிசோதனை முடியும் வரை தனியாக வைத்திருப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துக் கயிற்றை அறுத்து எடுத்து, புண்ணுக்கும் பல்லுக்கும் வைத்தியம் செய்வார்கள். தேறிய பிறகு மரமும் புதரும் உள்ள பெரிய வெளிக்குள் விடுவார்கள்.

காலையும் மாலையும் தானியக் கஞ்சி. தேன், முட்டை எல்லாம் சேரும். நடுவில் தர்பூசணி, பப்பாளி மாதிரி பழங்கள். ஆனால் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டால் கரடிக்கு வேலை இல்லாமல் போய்விடும். அதனால் மரக்கட்டையில் துளை போட்டுத் தேனைத் தடவி வைக்கிறார்கள், பழத்தை ஒளித்து வைக்கிறார்கள், மண்ணால் புற்று மாதிரி கட்டி உள்ளே தீனி வைக்கிறார்கள். கரடி தோண்டும், உறிஞ்சும். அந்த உறிஞ்சும் சத்தம் கொஞ்ச தூரத்துக்குக் கேட்கும். ஏறி உட்கார மேடைகள், படுத்து ஆடப் பெரிய தூளிகள், முழுகக் குளம் எல்லாம் உண்டு. ஆக்ரா வெயில் 45 டிகிரியைத் தொடும்போது தண்ணீர் தெளிப்பான் ஓடும், பனிக்கட்டிக்குள் பழத்தை உறைய வைத்துக் கொடுப்பார்கள். குளிர்காலத்தில் படுக்க வைக்கோல். நம் கரடிகள் குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் இனமல்ல.

நான் போனப்ப ஒரு கரடி நின்ன இடத்திலேயே தலையை ஆட்டிக்கிட்டே இருந்துச்சே? இன்னும் ஆட வைக்கிறாங்களா?

நல்லாக் கவனித்திருக்கிறீர்கள். நானும் பார்த்தேன், மனசு கனத்துப் போயிற்று. யாரும் ஆட வைப்பதில்லை. வருஷக்கணக்காக நாலடிக் கயிற்றில் கட்டிக் கிடந்த விலங்குக்கு, அசைவதற்கு வேறு வழியில்லாமல் அந்த ஒரே அசைவு உடம்பில் பதிந்துவிடுகிறது. கட்டி வைத்த யானை ஆடிக்கொண்டே நிற்பதைக் கோயில்களில் பார்த்திருப்பீர்களே, அதே நோய்தான். கயிற்றை ஒரு நாளில் அறுத்துவிடலாம், இதை அப்படி அறுக்க முடியாது. முந்தைய பதிலில் சொன்ன தேன்கட்டையும் புற்றும் விளையாட்டுக்காக வைத்தவை அல்ல, இந்த நோய்க்கான மருந்தும் அவைதான். பல கரடிகளிடம் ஆட்டம் குறைந்துவிடும். சிலவற்றிடம் கடைசி வரை கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

ஊசி போட கையை நீட்டச் சொல்லிப் பழக்குறாங்களாமே? அதுவும் வித்தைதானே?

ஓசூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது. இதற்கு அன்று உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

வயதான கரடிக்கு அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. தேன்கரடிகளுக்கு ஈரலில் புற்றுநோய் வருவது அதிகம். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுத்தால் கிழக் கரடிக்கு அதுவே ஆபத்து. அதனால் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் தேன் தருகிறார்கள். கரடிக்கு இஷ்டமில்லை என்றால் எழுந்து போகலாம். அடி இல்லை, பட்டினி இல்லை, அன்றைய கஞ்சியும் குறையாது. பார்க்கக் கூட்டமும் இல்லை. மறுக்கிற உரிமை இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிந்த வித்தியாசம். தெருவில் அந்த உரிமை கரடிக்கு இருந்ததே இல்லை.

மிருகக்காட்சி சாலைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? குட்டி போடுமா? போய்ப் பார்க்கலாமா?

மிருகக்காட்சி சாலை மக்கள் பார்ப்பதற்காக இருக்கிறது. மீட்பு மையம் போக்கிடம் இல்லாத விலங்குக்காக இருக்கிறது. இங்கே இனப்பெருக்கம் செய்ய விடுவதில்லை. வேலிக்குள்ளேயே பிறந்து வேலிக்குள்ளேயே சாக இன்னொரு தலைமுறை எதற்கு? ஆக்ராவில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். தூரத்திலிருந்து பார்க்கலாம். தொட முடியாது, கட்டிப்பிடித்துப் படம் எடுக்க முடியாது. அப்படி எங்காவது அனுமதித்தால் அது மீட்பு மையமா என்று சந்தேகப்படுங்கள்.

ஹம்பி பக்கத்துல தரோஜி கரடி சரணாலயம் போனோம். அதுவும் இதே மாதிரிதானா?

இல்லை. தரோஜி காட்டுக் கரடிகளின் சொந்த இடம், 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். குஜராத்தின் ஜெஸ்ஸோரும் ரத்தன்மஹாலும் அப்படித்தான். அங்கே இருப்பவை மனிதர் பிடியில் சிக்காத கரடிகள்.

வெளிநாட்டிலும் இந்த மாதிரி மையம் இருக்கா?

உண்டு. பல்கேரியாவில் ரிலா மலைப்பக்கம் பெலிட்சா என்ற ஊரில் ஆட்டக் கரடிகளுக்கென்றே ஒரு பூங்கா 2000-இல் திறந்தது. அந்த நாட்டின் கடைசி ஆட்டக் கரடிகள் 2007-இல் அங்கே வந்து சேர்ந்தன. அவை பழுப்புக் கரடிகள். சீனாவிலும் வியட்நாமிலும் கொடுமை வேறு விதம்: மார்பில் பிறை போட்ட கருங்கரடிகளைக் கூண்டில் அடைத்து, மருந்துக்காகப் பித்தநீரை எடுப்பார்கள். சீனாவில் செங்டூவிலும் வியட்நாமில் தாம் தாவ் மலையிலும் அவற்றுக்கு மையங்கள் இருக்கின்றன. அந்தப் பித்தநீரில் உள்ள மருந்துப்பொருளைக் கரடியே இல்லாமல் ஆலையில் தயாரிக்க முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரியில தினம் கரடி ஊருக்குள்ள வருது. பிடிச்சு ஆக்ராவுக்கு அனுப்பிடலாமே?

பயத்தோடு வாழ்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. தேயிலைத் தோட்டத்தில் கரடி தாக்கி முகம் சிதைந்தவர்கள் இருக்கிறார்கள். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு அது; கிட்டத்தில் திடுக்கென்று பார்த்தால் ஓடுவதற்கு முன் பாய்ந்துவிடும்.

ஆனால் அந்தக் கரடிக்குப் பல் இருக்கிறது, நகம் இருக்கிறது, தாய் சொல்லிக் கொடுத்த பாடம் இருக்கிறது. அதைப் பிடித்து அடைத்தால், கலந்தர் கூடாரத்துக் கரடிக்கு நேர்ந்ததில் பாதியை நாமே அதற்குச் செய்கிறோம். ஒன்றைப் பிடித்தாலும் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும், ஏனென்றால் அதை இழுக்கும் பொருள் அங்கேயே இருக்கிறது: திறந்து கிடக்கும் குப்பை, கோயில் விளக்கு எண்ணெய், பழுத்துத் தொங்கும் பலா. எண்ணெயை உள்ளே வைத்துப் பூட்டுவது, குப்பையை மூடுவது, புதரை வெட்டிப் பாதையைத் தெளிவாக வைப்பது, விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் பேசிக்கொண்டு கூட்டமாக நடப்பது எல்லாம் பலன் தரும். மீறி வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், சுற்றிக் கூட்டம் போட்டு விரட்டாதீர்கள்.

பாட்டி கட்டிவிட்ட கரடி முடித் தாயத்து வீட்டில இருக்கு. வச்சிருந்தா தப்பா?

எனக்கும் கட்டினார்கள், காய்ச்சல் வந்தபோது. பாட்டி மேல் குற்றம் இல்லை. ஆனால் கரடி இன்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள விலங்கு. அதன் முடி, நகம், பித்தப்பை எதையும் வாங்குவதும் விற்பதும் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் குப்பிக்குள் இருப்பது கரடி முடிதான் என்பதும் நிச்சயம் இல்லை. இருப்பதை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. புதிதாக யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்த முடிக்குப் பின்னால் எங்கோ ஒரு தாய்க்கரடி செத்திருக்கலாம்.

ஆட்டக் கரடிகள்தான் 2009-லேயே முடிஞ்சு போச்சே, இன்னும் மையம் எதுக்கு?

அன்று வந்த கரடிகளில் பல இப்போது கிழடுகள். நல்ல பராமரிப்பில் கரடி முப்பது வயது வரைகூட இருக்கும். மூட்டுவலி, புரை, ஈரல் நோய் என்று இப்போதுதான் செலவு அதிகம்.

புதிதாகவும் வருகின்றன. நேபாளத்தில் 2017 டிசம்பரில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்ற இரண்டு ஆட்டக் கரடிகள் மீட்கப்பட்டன. ஸ்ரீதேவி அங்கேயே இறந்துவிட்டது. ரங்கீலா மட்டும் 2018-இல் ஆக்ராவுக்கு வந்து சேர்ந்தது. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் போன காட்டுக் கரடிகள், தாயை இழந்த குட்டிகள், கடத்தலில் பிடிபட்டவை எல்லாம் இப்போது வருகின்றன. பிழைத்துத் திரும்பக் கூடியதைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். முடியாதது தங்கிவிடும்.

அதுங்களுக்குப் பேர் வச்சிருக்காங்களே, கூப்பிட்டா தெரியுமா?

மூன்றாம் வகுப்புப் பையன் கேட்டான். தெரியும். மாலையில் கரடிகளை இரவுக் கொட்டகைக்குள் அழைக்கும்போது, பராமரிப்பாளர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் வந்துவிட்டன, ஒன்று மட்டும் தான் தோண்டிய குழிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கண் தெரியாது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பராமரிப்பாளர் இன்னொரு முறை கூப்பிட்டார், அவசரமே இல்லாமல். கரடி எழுந்து உடம்பை உதறி, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. அப்புறம் அந்தக் குரல் வந்த திசையில் நாலு காலில், மெதுவாக நடந்து போயிற்று.